லேபிள் உரிச்ச போத்தல்கள்

அகஸ்ரின்: சனிக்கிழமை காலமை எட்டரைக்குக் கராஜ் கதவைத் தட்டி வெறும் போத்தல் கேக்கிற முதல் ஆள் நீதான் எட்வேட்.

எட்வேட்: முழுப் போத்தல் கேட்டால் தருவியோ? அதுதான் வெறுமையாக் கேக்கிறன், மச்சான்.

அகஸ்ரின்: காருக்குள்ளை ஆர் உது? பேர்ணடெற்றையும் கூட்டிக்கொண்டோ வந்தனி?

பேர்ணடெற்: நான் வராட்டி இவர் ஆற்றையன் வெறும் போத்தல் எறியிற நீலப்பெட்டியைக் கிண்டுவார், அண்ணை. நேற்று ரூஜ் பக்கத்துத் தெருவிலை ஒரு வீட்டு வாசலிலை குனிஞ்சு நிண்டு கிண்டுறார்... கதவைத் திறந்தால் கிளடிஸ் அன்ரி.

எட்வேட்: குட் மோர்னிங் சொன்னன்தானே.

பேர்ணடெற்: "வேலை போச்சோ மோனே" எண்டு கேட்டு, பத்து இடியப்பம் கட்டித் தந்தவ.

அகஸ்ரின்: சம்பலும் தந்தவவோ?

எட்வேட்: சிரி, சிரி. உனக்கென்ன தெரியும்? எல்லாப் பியரும் இப்ப தகரத்திலை வருது. போத்தலிலை வாறதும் திருகிற மூடி. அதிலை, வீட்டிலை காய்ச்சிற பியருக்கு நான் அடிக்கிற மூடி இறுகாது, காத்துப் போயிடும். ஓப்பனராலை திறக்கிற போத்தல் வேணும். பிறவுண் நிறம். வெளிச்சம் படக்கூடாது.

அகஸ்ரின்: பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ சொல்லுறாய்.

எட்வேட்: பியர் பொங்கி முடிஞ்சு வாளியிலை நிக்குது. இண்டைக்கு அடைக்காட்டிப் புளிச்சுப் போகும்.

பேர்ணடெற்: பகிடி இல்லை, அண்ணை. அடுத்த மாதம் என்ரை தம்பி றொய்சன்ரை மகளுக்குக் கோயிலிலை புதுநன்மை. "அத்தானை அவற்றை பியரோடை வரச்சொல்லுங்கோ அக்கா" எண்டு அவன் தானாக் கேட்டிருக்கிறான். எட்டு மாதத்துக்குப் பிறகு.

அகஸ்ரின்: றொய்சனோ? அந்த ஆவணி பாபிகியூவுக்குப் பிறகோ?

எட்வேட்: பழசை விடு, மச்சான்.

அகஸ்ரின்: என்ரை வீட்டிலையெல்லோ நடந்தது. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, "உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டதுதான் நான் செய்த பெரிய பிழை" எண்டாய். பெடியன் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டுப் போனவன்.

பேர்ணடெற்: வெறியிலை சொன்னது. தம்பியும் அதைத்தான் சொல்லுறான். "தெளிவிலை சொல்லியிருந்தால் உங்கடை வாசல் மிதிக்கமாட்டன், அக்கா. அத்தான் வெறியிலை சொன்னவர்" எண்டு.

அகஸ்ரின்: வெறிதான். நானும் பக்கத்து வீட்டுப் பிரியந்தனும் ஆளுக்கொரு கையாத் தூக்கியெல்லோ காருக்குள்ளை போட்டனாங்கள்.

எட்வேட்: போத்தல் எங்கை?

அகஸ்ரின்: பனி வழிக்கிற மெசினுக்குப் பின்னாலை. மூடியிருக்கிற படங்கை இழு.

எட்வேட்: அட... இவ்வளவோ! கடையிலை திருப்பிக் குடுத்துக் காசு எடுக்காமல் ஏன் வைச்சிருக்கிறாய்?

அகஸ்ரின்: நேரம் எங்கை?

எட்வேட்: பென்சன் எடுத்தவனுக்கு நேரம் இல்லையாம்... மச்சான்! ஒண்டிலையும் லேபிள் இல்லை! பேர்ணடெற், வந்து பாரும். ஒரு பகல் முழுக்கச் சலவைச் சோடாத் தண்ணியிலை ஊறப்போட்டுச் சுரண்டுற வேலை. இது வழுவழுவெண்டு கிடக்கு. ஆர் உரிச்சது?

அகஸ்ரின்: நான்தான்.

எட்வேட்: ஏன்?

அகஸ்ரின்: சும்மா... குடிக்கேக்கை கை சும்மா இராது.

பேர்ணடெற்: பின்பக்கத்து லேபிளுமோ, அண்ணை?

அகஸ்ரின்: அதுவும்தான்.

பேர்ணடெற்: கழுத்திலை இருக்கிற துண்டும்...

அகஸ்ரின்: தங்கச்சி, தேத்தண்ணி போடட்டே?

பேர்ணடெற்: இந்தா, அடிப்பெட்டியிலை ஒண்டு லேபிளோடை கிடக்கு.

அகஸ்ரின்: அதை வையும். அது வெடிப்பு விழுந்தது.

பேர்ணடெற்: வெடிக்கேல்லையே. என்ன இது... சைபர் தசம் சைபரோ?

எட்வேட்: காணும், காணும். ஏத்துவம்.

பேர்ணடெற்: நில்லுங்கோ. அல்ககோல் இல்லையெண்டு போட்டிருக்கு. அண்ணை... இவ்வளவுமோ?

அகஸ்ரின்: அதை இஞ்சை தாரும்.

பேர்ணடெற்: இவ்வளவுமோ, அண்ணை?

அகஸ்ரின்: ஈரலிலை கொழுப்பெண்டு டொக்டர் பேசிப்போட்டான். ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும். நீலப்பெட்டியிலை போட்டால் தெரு பாக்கும். கடைக்குக் கொண்டுபோனால் வரிசையிலை எங்கடை சனம். குடியை விட்டவன்ரை கராஜுக்கு எவன் வருவான், சொல்லும்? கிழமைக்கு ஒருநாள் நாலு பேர் வந்து இருந்திட்டுப் போறாங்கள்...

பேர்ணடெற்: ஐயோ அண்ணை! அப்ப நத்தாருக்கு வெறியிலை பைலா ஆடினது?

அகஸ்ரின்: பச்சைத்தண்ணியிலை ஆடினது.

பேர்ணடெற்: கதிரையோடை விழுந்தது?

அகஸ்ரின்: அது உண்மையா விழுந்தது.

எட்வேட்: சிரிச்சது காணும். வாரும், பியர் பழுதாப்போகும்.

பேர்ணடெற்: எப்ப விட்டனீங்கள், அண்ணை?

எட்வேட்: அந்தாளை ஏன் குடையிறீர்?

அகஸ்ரின்: போன வருசம் தவக்காலத்திலை. அதுக்குப் பிறகு நான் வாங்கி ஒரு துளி இந்தக் கராஜுக்குள்ளை வரேல்லை.

பேர்ணடெற்: அப்ப ஆவணியிலை?

அகஸ்ரின்: மற்றவங்கள் விஸ்கி கொண்டுவந்தவங்கள். பியரெண்டு பாத்தால் என்ரை பிரிட்ஜிலை...

எட்வேட்: அகஸ்ரின்!

பேர்ணடெற்: இவருக்கு விஸ்கி ஒத்துவராது. இவர் பியர்தானே குடிச்சவர், அண்ணை.

அகஸ்ரின்: ஓம். நான்தான் லேபிளை உரிச்சு உரிச்சுக் குடுத்தனான்.

எட்வேட்: நான் குடிச்சிட்டுத்தான் வந்தனான்.

பேர்ணடெற்: அண்டைக்குப் பூசை முடிஞ்சு நேர இஞ்சைதானே வந்தனாங்கள்.

எட்வேட்: ஏறின மாதிரித்தான் இருந்தது, பேர்ணடெற். எனக்கென்னெண்டு தெரியும்?

அகஸ்ரின்: மச்சான்... மூண்டாம் போத்தலிலை நீ என்னட்டைக் கேட்டனி, "என்னடா, உது ஏறுதில்லை" எண்டு.

எட்வேட்: நீ என்ன சொன்னனி? "குடி, ஏறும்" எண்டெல்லோ சொன்னனி!

அகஸ்ரின்: என்ரை பயத்திலை சொன்னன். பேந்து நீ தள்ளாடத் துவங்க, நான் தப்பினன் எண்டு நினைச்சன். உண்மையா நம்பினன்.

பேர்ணடெற்: நானும்தான். சப்பாத்தைக் கழட்டிவிட்டு, சத்தி வந்தாலும் எண்டு கட்டிலடியிலை வாளி வைச்சனான்.

எட்வேட்: பேர்ணடெற்...

பேர்ணடெற்: எட்டு மாதமா ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குப் போன் எடுத்து, "வெறியிலை சொன்னவர், தம்பி" எண்டு சொல்லிச் சொல்லி...

எட்வேட்: வீட்டை போய்க் கதைப்பம். அகஸ்ரின், அந்தப் பெட்டியைப் பிடி.

பேர்ணடெற்: ஏத்துங்கோ. ஆனால் ஒண்டைச் சொல்லிப்போட்டு ஏத்துங்கோ. றொய்சன் எங்கடை பேஸ்மென்ரிலை ஆறு வருசம் இருந்தவன். உங்களோடை ஒரு மேசையிலை சாப்பிட்டவன். இஞ்சாருங்கோ, அந்தச் சொல்லை எத்தினையாம் வருசத்திலையிருந்து வாய்க்குள்ளை வைச்சிருந்தனீங்கள்?