வலியின் கையெழுத்து

— தலையை ஆட்டாதே. நாலாவது வரியைப் படி.

— வாப்பா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம நாலாவது வரிக்குப் போயிட்டீங்க.

— கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. இந்தப் பழைய கண்ணாடியோட போனா மாப்பிள்ளைன்னு நினைச்சு ஃபோட்டோகிராஃபர் பக்கத்துல போய் உட்கார்ந்துடுவே. படி.

— ட, ப, ம, அப்புறம் ஒரு புழு.

— புழு இல்ல, அது ழ. சரி, இப்ப சொல்லு. இது தெளிவா... இல்ல, இது தெளிவா?

— முதல்லதுதான். இப்பவாவது பதில் சொல்லுங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத் சாயங்காலத்துக்குள்ள நிக்காஹ் படிவத்தை எழுதி முடிக்கணுமாம். அதுல 'வலி'ன்னு ஒரு கட்டம் இருக்கு.

— வலின்னா எனக்குத் தெரிஞ்சது முட்டி வலி, இடுப்பு வலி. ரெண்டுக்கும் என் பேரைத் தாராளமா எழுதிக்கலாம்.

— விளையாடாதீங்க. வலின்னா பொண்ணுக்குப் பொறுப்பாளர். பொண்ணு சார்பா முன்னாடி உட்கார்ந்து, கட்டிக் கொடுக்கறேன்னு வாயால சொல்லி, கையெழுத்துப் போடறவர்.

— இருபத்தாறு வருஷமா உனக்குப் பொறுப்பாளர் நான்தானே? அம்மை போட்டு நீ கிடந்தப்ப பதினோரு நாள் விசிறினது யாரு, ஹஜ்ரத்தா?

— நான் கேட்டது அது இல்ல. வலி முஸ்லிமா இருக்கணும்.

— ஏன், என் பேரைப் பாரு. என் தாடியைப் பாரு.

— அந்தத் தாடி சோம்பேறித்தனத்துல வந்தது.

— எதுல வந்தா என்ன, வந்திருக்கில்ல? கடை வாசல்ல நான் நின்னா பத்துல எட்டு பேர் சலாம் சொல்றாங்க. நானும் பதில் சொல்றேன். மீதி ரெண்டு பேர் என்னைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமா போறாங்க. அவங்களைக் கேட்டுப் பாரு, என்னை மாதிரி பக்திமான் ஊர்லயே இல்லம்பாங்க.

— ஹஜ்ரத் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வரச் சொன்னார். "உன் வாப்பா மேடையில என்ன பேசினார், பத்திரிகையில என்ன எழுதினார், அதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. மனசுல இருக்கறது அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் முஸ்லிம்தான்னு அவர் வாயால சொன்னா எனக்குப் போதும், வலியா அவரையே எழுதிக்கறேன். இல்லன்னு சொன்னா உன் சாச்சாவை எழுதறேன்"னார்.

— அவர் மூக்குல இருக்கற கண்ணாடி நான் தேய்ச்சுக் கொடுத்தது. அதையே போட்டுக்கிட்டு என் தம்பி பேரை எழுதுவாராமா?

— அந்தக் கண்ணாடியில குர்ஆன் எழுத்து முத்து முத்தா தெரியுதுன்னு உங்களைப் புகழ்ந்துதான் பேசினார்.

— பார்த்தியா? தர்க்கமா பார்த்தா இந்த ஊர்ல மார்க்கத்துக்கு என்னை விட யாரு சேவை செஞ்சிருக்கா? நான் கடையை மூடினா பாதி பள்ளிவாசலுக்கு ஓத வராது.

— சார், டீ. பாப்பா, உனக்கு சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன். நான் ஒண்ணு சொல்றேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க.

— சொல்லும்மா. பதினெட்டு வருஷமா தப்பா எடுத்துக்காமத்தானே நீயும் நானும் ஒரே கடையில குப்பை கொட்டறோம்.

— எங்க வீட்டுக்காரரும் சாமி இல்லம்பார். காலையில நான் விளக்கேத்தறப்ப மூக்கைச் சுளிப்பார். ஆனா எங்க பெரியவ கல்யாணத்துல பூசாரி உட்காருன்னா உட்கார்ந்தார், எழுந்திருன்னா எழுந்தார். நீ நம்பறியா இல்லையான்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தாலும் அவருக்குக் காது கேட்டிருக்காது, அது வேற விஷயம்.

— அங்கதாம்மா எனக்கு வயித்தெரிச்சல். உங்க பக்கத்துல ஒருத்தன் சாமி இல்லன்னா, சரி அதுவும் ஒரு வழின்னு பந்தியில இலை போட்டுடறீங்க. நான் இல்லன்னு சொன்னா ராஜினாமாக் கடிதம் கேக்கறாங்க.

— உங்க சங்கத்துல இதுக்கு என்ன சொல்றாங்க சார்?

— எங்க பகுத்தறிவுச் சங்கமா? மொத்தம் ஒன்பது பேர். கூட்டம் நடக்கறது சர்ச்சுக்குச் சொந்தமான ஹால்ல, ஏன்னா அங்கதான் ஃபேன் ஒழுங்கா சுத்துது. எங்க தலைவர் அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நல்ல நேரம் பார்த்தார். கேட்டா, சம்பந்தி வீட்டுக்காகன்னார். செயலாளர் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுல போய்ப் பாடறார். கேட்டா, குரல் கெட்டுடக் கூடாதாம். என்னை மட்டும் ஒவ்வொரு கூட்டத்துலயும் "அடுத்து நம்ம முஸ்லிம் தோழர் பேசுவார்"னு கூப்பிடறாங்க. நான் எந்திரிச்சு, நான் முஸ்லிம் இல்லன்னு ஒரு மணி நேரம் பேசறேன். கை தட்டறாங்க. அடுத்த மாசம் மறுபடியும் முஸ்லிம் தோழர்.

— அங்க உள்ள விட மாட்டேங்கறாங்க, இங்க வெளிய விட மாட்டேங்கறாங்க. பாவம் சார் நீங்க.

— அக்கா, கவுன்ட்டர்ல யாரோ ஃப்ரேமைத் தலைகீழா மாட்டிப் பார்த்துட்டு இருக்கார்.

— போறேன் பாப்பா. சார், என் சாமி படம் பதினெட்டு வருஷமா கல்லாவுக்குப் பின்னாடி இருக்கு. எடுன்னு ஒரு நாள் சொன்னதில்ல நீங்க. நான் வராத அன்னைக்குத் தூசி தட்டறதும் நீங்கதான். அந்த மனசுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடப் போகுது? எது நெசம், எது கல்யாணத்துக்காகச் சொன்னதுன்னு சாமிக்குத் தெரியாதா?

— கேட்டியா? அந்தம்மா பேசறது ரொம்பத் தர்க்கமா இருக்கு. சொல்லிடறேன்.

— என்னன்னு சொல்லுவீங்க?

— நான் முஸ்லிம்தான்னு. கலிமா வேணும்னாலும் சொல்றேன். உச்சரிப்பு உன் சாச்சாவை விட எனக்குச் சுத்தம். சின்ன வயசுல ஓதறதுல பரிசு வாங்கினவன் நான்.

— வாப்பா.

— என்னம்மா?

— நம்பறீங்களா?

— ஹஜ்ரத் சொல்லத்தானே சொன்னார்? நம்பச் சொல்லலையே.

— ஹஜ்ரத்துக்கு அது போதும். எனக்குப் போதாது. அஞ்சு வேளையும் அல்லாஹ் முன்னாடி நிக்கறவ நான். என் நிக்காஹ் ஒரு பொய்யில ஆரம்பிக்கக் கூடாது.

— மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைக்கறாங்க?

— எல்லாம் தெரியும். அவர் நீங்க எழுதினதைத் தேடிப் பிடிச்சுப் படிச்சாராம். கருத்து ஏத்துக்க முடியல, அதை விட எழுத்துப் பிழைதான் தாங்க முடியலன்னார்.

— உன் உம்மா என்ன சொல்றா?

— "இன்னும் நாலு நாளைக்குள்ள அவருக்கு அந்தக் காய்ச்சல் விட்டுடும்"ங்கறாங்க.

— இருபத்திரெண்டு வருஷமா விடாத காய்ச்சல். நர்ஸ் வேலை பாக்கறவ, காய்ச்சல் எதுன்னு இன்னுமா தெரியல? என் தலையெழுத்தைப் பாரு. தலையெழுத்துன்னும் நான் சொல்லக் கூடாது, வேற வார்த்தை வரல. உண்மை பேசறேன் உண்மை பேசறேன்னு ஊரைக் கூட்டினேன். எங்க உம்மா சாகற வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. அப்பக்கூட வளைஞ்சு கொடுக்கல நான். இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு பொய் சொல்லத் துணிஞ்சிருக்கேன், அதைத் தொழற பொண்ணு வேண்டாங்கறா.

— நான் தொழறதுக்கும் நீங்கதான் காரணம்.

— இது அவதூறு.

— பதினாலு வயசுல தொழ ஆரம்பிச்சப்ப எனக்கு எந்த அலாரமும் கேக்காது. உம்மாவுக்கு ராத்திரி டூட்டி. விடியக்காலைத் தொழுகைக்கு என்னை எழுப்பினது யாரு?

— சத்தம் போட்டுச் சொல்லாதே. சங்கத்துக்குத் தெரிஞ்சா ஒன்பது எட்டாயிடும்.

— நாலு வருஷம் வாப்பா. ஒரு நாள் தப்பல. "எழுந்திரு, உங்க ஆள் காத்திருக்கார்"ம்பீங்க.

— ஃபஜ்ருக்கு ஒரு நாள்கூட எழாம இருந்ததில்லைங்கற நாத்திகன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். உன்னை எழுப்பி விட்டுட்டு சமையல்கட்டுல டீ போட்டுக் குடிப்பேன். நீ ஓதறது கேக்கும். நல்லாத்தான் இருக்கும். ஆனா...

— ஆனா?

— சொன்னா சிரிக்கக் கூடாது. எனக்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கோவமும் இல்ல, சண்டையும் இல்ல. ஃபோன்ல நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்போம், அந்தப் பக்கம் எப்பவோ லைன் கட்டாயிருக்கும் பாரு, ஒரு நாள் தொழறப்ப அப்படித் தோணிப் போச்சு. ஹலோ, ஹலோன்னு ரெண்டு வருஷம் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் வெச்சுட்டேன். அவ்வளவுதான். இந்த ஒரு வரியைத்தான் மேடையில இழுத்து இழுத்து ஒரு மணி நேரமாக்கினேன்.

— இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.

— இதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க. அதனால சொல்ற பழக்கம் விட்டுப் போச்சு.

— சரி. இப்ப நான் கேக்கறேன். நீங்க முஸ்லிமா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டு.

— கழட்டினா உங்க முகமே எனக்குத் தெரியாதே. மைனஸ் ஆறு.

— அதுக்குத்தான் கழட்டச் சொல்றேன்.

— மாட்டேன்.

— அப்ப நான் சுவரைப் பார்த்துச் சொல்றேன். நான் வந்து... நான்... இந்த டீயில இஞ்சி ஜாஸ்தி.

— மெதுவாச் சொல்லுங்க.

— இரு, சொல்றேன். நான் முஸ்... சே! வேர்க்குது பாரு எனக்கு. ஆயிரம் பேர் கல்லெடுத்துக்கிட்டு நின்ன கூட்டத்துல கூட வேர்த்ததில்ல. ஆயிரம் பேர் இல்ல, நாப்பது பேர். கல்லும் இல்ல, ஒருத்தன் கையில குடை இருந்துச்சு.

— வாப்பா...

— இல்ல கண்ணு. வரல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். எனக்கு நம்பிக்கை இல்ல. சாச்சா பேரை எழுதச் சொல்லிடு.

— சொல்லிடறேன் வாப்பா.

— அழாதே. அந்த ஃப்ரேம்ல ஈரம் பட்டா திருகு துரு பிடிச்சுடும்.

— நான் அழல.

— அப்ப நான்தான் அழறேன் போல. என் தம்பி! போயும் போயும் அவன்! தொழுகையில முதல் வரிசை, கடையில பழைய ஃபோனுக்குப் புது உறை மாட்டிப் புதுசுன்னு விக்கற ஆளு. உனக்கு எத்தனை வயசுன்னு கேட்டா விரல் விட்டு எண்ணுவான். அவன் உன்னைக் கட்டிக் கொடுக்கப் போறான், நான் பார்த்துக்கிட்டு உட்காரணும்.

— உட்காருவீங்களா?

— எங்கன்னு சொல்லு. செருப்பு விடற இடமா இருந்தாலும் உட்காருவேன்.

— முதல் வரிசை. சாச்சாவுக்கு வலது கைப்பக்கம். ஹஜ்ரத்கிட்ட நேத்தே கேட்டுட்டேன். "தாராளமா உட்காரட்டும், இடையில மட்டும் பேசக் கூடாது"ன்னார்.

— இடையில பேசாம நான் எந்தக் கல்யாணத்துலயும் இருந்ததில்ல. என் கல்யாணத்துலகூட இல்ல. சரி, பல்லைக் கடிச்சுக்கறேன். ஆமா, நேத்தேன்னு சொன்னே? நான் இல்லன்னுதான் சொல்லுவேன்னு நேத்தே தெரியுமா உனக்கு?

— தெரியாது. பயமாத்தான் இருந்துச்சு.

— அதான் இங்க வர்றதுக்கு முன்னாடி எதிர் மருந்துக்கடை வாசல்ல அத்தனை நேரம் வெயில்ல நின்னியா? உள்ள இருந்து பார்த்தேன். உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

— அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— தெரியுமே. வாப்பாவுக்கு நல்ல புத்தியைக் கொடுன்னு.

— பன்னெண்டு வருஷமா அஞ்சு வேளையும் அதுதான் வாப்பா கேட்டேன், உங்களுக்கு நம்பிக்கையைக் கொடுன்னு. இன்னைக்கு மட்டும் அதை நிறுத்தி வெச்சுட்டு வேற கேட்டேன்: எங்க வாப்பா எனக்காகப் பொய்யா 'ஆமா'ன்னு சொல்லிடாமப் பார்த்துக்கோன்னு. கேட்ட கையோட கொடுத்துட்டான்.