தாழைமுனைத் தொலைபேசிகளின் மூன்று நாட் கணக்கு

1983ஆம் ஆண்டு பங்குனி மாதம் 17ஆந் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் 10.20 மணி.

பெயர்: இளையதம்பி சறோஜினிதேவி. வயது: 41. தொழில்: தொலைபேசி இயக்குநர். முகவரி: தாழைமுனை, வேலணை. பதிவு செய்பவர்: பொலிஸ் சார்ஜன்ற் பஸ்ரியாம்பிள்ளை.

நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். வயதைச் சார்ஜன்ற் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் நாற்பத்தொன்று என்றே சொன்னேன். தாழைமுனைத் தபாற்கந்தோர் சுவிச்போட்டில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். ஊரில் பதினொரு தொலைபேசிகளும், வெளியூருக்கு ஒரு லைனும் உண்டு. யாராவது கைபிடியைச் சுற்றினால் போட்டில் அந்த லைனுக்குரிய மூடி விழும். நான் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, வயரைச் செருகி இணைப்பேன். வயர்கள் நான்குதான்.

நேற்றுக் காலை ஒன்பது மணி தொடக்கம் பன்னிரண்டு மணிவரை இந்தப் பொலிஸ் நிலையத்து உப பரிசோதகரின் அழைப்பை வேண்டுமென்றே தடுத்தேன் என்பது என்மேலுள்ள முறைப்பாடு. நான் தடுக்கவில்லை.

சென்ற கிழமை மேலிடத்திலிருந்து இரகசியம் என்று குறித்த சுற்றுநிருபம் ஒன்று வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விழும் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கோடு கீற வேண்டும், இணைப்புக் கிடைக்காத அழைப்பும் அழைப்பே, மொத்தம் இருநூறுக்குக் குறைந்தால் சுவிச்போட் கழற்றப்படும் என்று அதில் இருந்தது. கழற்றினால் எனக்கு வேலை இல்லை. காலியிலும் மாத்தறையிலும் கடை வைத்திருக்கும் ஆண்களின் குரல் ஞாயிறு தோறும் இங்கே வீடுகளுக்கு வருவது என் வயர் வழியாகத்தான். அதுவும் இல்லாமற் போகும். எனக்குப் பயம் பிடித்தது.

மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொலைபேசிக்கும் மணி அடித்து, "கேட்குதோ?" என்று கேட்டு, பதில் வர எத்தனை செக்கன் ஆனது என்றும் எழுத வேண்டும். இவை மொத்தத்தில் சேரா. நண்டு வியாபாரி பாலசிங்கம் நான்கு செக்கன். இளைப்பாறிய தலைமை ஆசிரியர் ஐயாத்துரை முப்பது செக்கன், அவர் முதலில் சால்வை போடுவார்.

திங்களன்று பதினான்கு அழைப்புகள். செவ்வாயன்று பதினேழு. அதன் பின்னர் செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு, வீட்டில் தொலைபேசி வைத்திருக்கும் இராசமணி அக்கா கந்தோருக்கே வந்து, "ஏன் பிள்ளை சும்மா சும்மா அடிக்கிறீர்? உமக்கு என்ன விசரோ?" என்று ஏசினார். நான் தாங்க மாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரகசியத்தை வெளியிட்டது என் குற்றம், அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார்.

புதன் காலை எட்டு மணிக்குப் பதினொரு மூடிகளும் ஒன்றாக விழுந்தன. இராசமணி அக்கா பக்கத்து வீட்டு அம்பிகைக்கு அழைப்பு எடுத்து, தன் பேட்டுக்கோழி அங்கே வந்ததோ என்று கேட்டார். அம்பிகை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே வேலிக்கு மேலால் "ஓம்" என்று கத்தினார். ஐயாத்துரை வாத்தியார் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல் முழுவதையும் பாலசிங்கத்துக்கு வாசித்துக் காட்டினார்.

இப்படி இருக்கத்தான், ஒன்பது மணிக்கு உப பரிசோதகர் பாலசிங்கத்துக்கு இணைப்புக் கேட்டார். லைன் பிசி என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் அதையே சொன்னேன். அவர் சொன்ன சில சொற்களை இங்கே எழுதுவிக்க எனக்கு விருப்பமில்லை, சார்ஜன்றுக்கும் விருப்பமில்லை என்று முகத்தில் தெரிகிறது. பன்னிரண்டு மணிக்கு இணைப்புக் கொடுத்தேன். தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சற்று நேரம் லைனில் இருப்பது என் கடமை. பேசிய அவசர விடயத்தை நான் வெளியிட ஏலாது. அன்று பிடிபட்ட நண்டு முழுவதும் பதினொரு மணிக்கே விற்றுப்போனது என்பது ஊருக்கே தெரிந்த விடயம், ஆகவே அதை மட்டும் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணிக்குக் கணக்கு மூடப்பட்டது. அதன் பின்னர் கோடுகளை எண்ணினேன். புதனுக்கு நூற்று அறுபத்தெட்டு. மூன்று நாளுக்கும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மூன்று தரம் எண்ணினேன். தபாலதிபர் சிவபாதம், "ஒரு கோடு கூடக் கீறிவிடும், தங்கச்சி. ஆர் எண்ணிப் பார்க்கப் போகினம்?" என்றார். விழாத மூடியை விழுந்ததாக நான் ஒரு நாளும் எழுதினதில்லை. மாட்டேன் என்றேன். பிறகு அழுதேன்.

இன்று காலை ஜீப் வந்து என்னை இங்கே கூட்டி வந்தது. சார்ஜன்ற் முறைப்பாட்டை வாசித்துக் காட்டினார். உப பரிசோதகர் தாம் பதினேழு தரம் அழைத்ததாக எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். என் பதிவில் அவர் பதினாறு தரம். விழுந்த மூடியை நான் நிமிர்த்துவதற்குள் அவர் மறுபடி சுற்றியிருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் பொய் எழுத மாட்டார் என்று நான் பூரணமாக நம்புகிறேன்.

ஆகவே அந்த முறைப்பாட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று எனக்குத் தேவை. அதையும் சேர்த்துக் கணக்குப் படிவம் நாளைத் தபாலில் போக வேண்டும். பிரதி கிடைத்தபின் எந்தத் தண்டனையையும் ஏற்கத் தயார்.

நான் சொன்னதைச் சார்ஜன்ற் எனக்கு வாசித்துக் காட்டினார். பதினேழு என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) இ. சறோஜினிதேவி