வழி சொல்பவரின் எண்

ரூஷா: ...பேசலாம், பேசலாம். உங்கண்ணன் வீட்டுல இல்ல. வேகவச்ச கோதுமையையும் ரொட்டியையும் தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போயிருக்கான். ஊர்ல பாதி வீட்டுக்கு இன்னிக்குக் குலசாமி நிக்கோலா திருநாளு... சாமியார் மந்திரிச்சுக் குடுக்க எப்படியும் அரை மணி ஆகும். நான் கம்ப்யூட்டரத் திறந்து வச்சிருக்கேன்.

தியானா: திருநாளும் அதுவுமா நீங்க கம்ப்யூட்டர் முன்னாடியா உக்காந்திருக்கீங்க அண்ணி?

ரூஷா: கெண்டை அதுபாட்டுக்கு அடுப்புல வேகுது. நூலகத்துல தனியாத்தான இருக்க?

தியானா: ஒரு பெரியவரு பேப்பர் படிக்கறாரு. காது கேக்காது. சொல்லுங்க.

ரூஷா: ஞாயித்துக்கிழமை சொன்னியே... இன்டர்நெட்டுல பணம் கட்டி விளையாடற பந்தயத் தளம் எதுவும் வீட்டுல திறக்காதபடி பண்ணலாம்னு. அதப் பண்ணணும். அவன் திரும்பி வர்றதுக்குள்ள.

தியானா: இப்பவேவா? ரெண்டு மணி பஸ்ல நானே வர்றேனே...

ரூஷா: நீ வர்றப்ப அவனும் இருப்பான். இருபது விருந்தாளி இருப்பாங்க. தியானா, போன வருஷம் இதே நாள்ல மெழுகுவத்தியத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். மூணு மாசம் தாங்குச்சு. அப்புறம் காரு போச்சு. இன்னொரு சத்தியத்த நின்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல. இதுவும் ஆகலன்னா...

தியானா: ஆகலன்னா?

ரூஷா: மீன் தீயும். நம்பரச் சொல்லு.

தியானா: ...

ரூஷா: இருக்கியா?

தியானா: இருக்கேன். யோசிச்சேன். சரி அண்ணி, எழுதிக்கங்க. நூத்தி எண்பத்தஞ்சு, புள்ளி...

ரூஷா: மெதுவா. காலண்டர் பின்னாடி எழுதறேன். பேனா வேற எழுத மாட்டேங்குது... ம், சொல்லு.

தியானா: நாப்பத்திரண்டு, புள்ளி, பதினாறு, புள்ளி, பத்து.

ரூஷா: இந்த நாலு நம்பர் என்ன பண்ணிடும்?

தியானா: கம்ப்யூட்டருக்குத் தானா எந்த இடமும் தெரியாது. இந்தத் தளம் எங்க இருக்குன்னு யாரையாவது கேட்டுத்தான் போகும். அப்படி வழி சொல்ற ஆளுக்குப் பேரு டிஎன்எஸ். இப்ப இருக்கற ஆளு, கேட்டா எல்லாத்துக்கும் வழி சொல்லுவாரு.

ரூஷா: நம்ம தெருமுனை பத்திரிகைக் கடை மிலேவா மாதிரி.

தியானா: அவளேதான். நாம வைக்கப்போற ஆளு, பந்தயக் கடைக்கு வழி கேட்டா மட்டும், எனக்குத் தெரியாதும்பாரு.

ரூஷா: அப்படி ஒருத்தர் நம்ம தெருவுல இருந்திருந்தா காரு இருந்திருக்கும்... அவனே இத மாத்திட்டான்னா?

தியானா: மாத்தலாம். இது பூட்டு இல்ல அண்ணி, வேலி. தாண்டணும்னா தாண்டலாம். தாண்டறதுக்குள்ள ஒரு தடவை யோசிக்கணும், அவ்வளவுதான்.

ரூஷா: கடைக்கு நடந்தே போனான்னா?

தியானா: போனா நாலு பேரு பாப்பாங்க. அண்ணனுக்கு வெக்கம் ஜாஸ்தி. அதனாலதான வீட்டுக்குள்ள உக்காந்து விளையாடினான். போனும் பட்டன் போனாயிடுச்சு.

ரூஷா: திருட்டுத்தனமாத்தான் இருக்கு. திருநாளன்னிக்கு, அவன் கோயில்ல நிக்கறப்ப...

தியானா: அண்ணி, மேசை விரிச்சாச்சா? உங்கம்மா பூ வேல செஞ்சு குடுத்த விரிப்பு?

ரூஷா: ...இந்த வருஷம் வேற எதாவது போட்டுக்கலாம்.

தியானா: வேறயா? எங்க அத்தைங்க வர்றதே அதப் பாக்கத்தான். கோதுமைய ஒரு கரண்டி வாயில போட்டுக்கிட்டே விரிப்பத் தடவிப் பாப்பாங்க.

ரூஷா: இஸ்திரி போடல. விடேன். அடுத்து என்ன பண்ணணும்?

தியானா: கீழ வலது மூலையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் படம் இருக்கும். அதுமேல வலது பக்கத்தத் தட்டுங்க.

ரூஷா: எது வலது பக்கம்?

தியானா: மவுஸோட வலது பக்கம். சிலுவை போடற கை இருக்குல்ல, அந்தப் பக்கம்.

ரூஷா: கிண்டலு... ம், வந்துருச்சு.

தியானா: நெட்வொர்க் அமைப்புக்குள்ள போங்க. அப்புறம் அடாப்டர். அதுல பண்புகள்னு இருக்கும். ஒரு நீளமான பட்டியல் வரும். பதிப்பு நாலுன்னு முடியற வரியில ரெண்டு தட்டு.

ரூஷா: இரு... பூனை விசைப்பலகை மேல படுத்துக்கிச்சு. இறங்குடீ... ம். ஒரு சின்ன ஜன்னல் வந்திருக்கு.

தியானா: அதுல கீழ்ப்பாதியப் பாருங்க. ரெண்டு வட்டம். தானா எடுத்துக்கன்னு மேல ஒண்ணு, நான் சொல்ற முகவரின்னு கீழ ஒண்ணு. புள்ளி எதுல இருக்கு?

ரூஷா: கீழ இருக்கறதுல.

தியானா: ம்.

ரூஷா: மேலதான இருக்கணும்?

தியானா: பெட்டியில எதாவது எழுதியிருக்கா?

ரூஷா: நம்பர் இருக்கு. நூத்தி எண்பத்தஞ்சு... நாப்பத்திரண்டு... நான் இன்னும் எதையும் தொடவே இல்ல.

தியானா: தெரியும். மிச்சத்தப் படிங்க.

ரூஷா: பதினாறு... பத்து. காலண்டர்ல எழுதினதும் இதும்... ஒண்ணுதான். தியானா, யாரு போட்டது இத?

தியானா: வீட்டுல இருக்கறது நீங்க, அண்ணன், பூனை. பூனைக்குப் பதிப்பு நாலு தெரியாது.

ரூஷா: அவனா? எப்ப?

தியானா: செவ்வாக்கிழமை அண்ணன் பணிமனையிலேர்ந்து கூப்பிட்டான். பின்னாடி பஸ் எஞ்சின் சத்தம். என்ன சொல்றான்னே மொதல்ல புரியல. ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டான். ரூஷாகிட்ட சொல்லாத, திரும்பியும் தோத்துட்டேன்னா அவ ரெண்டாவது தடவை நம்பிக் கெட்டதா ஆயிடும்னான்.

ரூஷா: நீயும் வாயத் தொறக்கல.

தியானா: வாக்கு குடுத்துட்டேன். இப்பவும் நான் சொல்லல. நீங்களாத்தான் திறந்து பாத்தீங்க... அண்ணி? அழறீங்களா?

ரூஷா: வாசல்ல பூட்ஸத் தட்டற சத்தம். வந்துட்டான். வைக்கறேன். ரெண்டு மணி பஸ்ஸ விட்டுடாத.

ஓப்ரென்: ரூஷா... கதவப் பிடி, கோதுமை சாயுது. சாமியார் இன்னிக்குப் பாட்டக் கொஞ்சம் சுருக்கிட்டாரு. முப்பது வீடு காத்திருக்குல்ல... என்ன, கண்ணு செவந்திருக்கு?

ரூஷா: வெங்காயம்.

ஓப்ரென்: வெங்காயம் அங்க உரிக்காம கிடக்கு.

ரூஷா: இனிமே உரிக்கப் போறேன். அதுக்கு இப்பவே அழுதுட்டேன்.

ஓப்ரென்: போன்ல யாரு?

ரூஷா: தியானா. ரெண்டு மணி பஸ்ல வர்றாளாம்.

ஓப்ரென்: வேற ஒண்ணும் சொல்லலியே?

ரூஷா: அவ என்னத்தச் சொல்லுவா.

ஓப்ரென்: ம்... மேசை ஏன் மொட்டையா இருக்கு? அத்தைங்க வர்ற நேரமாச்சு. உங்கம்மா விரிப்பு எங்க?

ரூஷா: பெட்டியில இருக்கு. கட்டிலுக்கு அடியில... ஒரு பெட்டி இருக்கு, ஓப்ரென்.

ஓப்ரென்: தெரியும்.

ரூஷா: தெரியுமா?

ஓப்ரென்: செவ்வாக்கிழமை காலையில செருப்பத் தேடறப்ப பாத்தேன். தூக்கிப் பாத்தேன். கனமா இருந்துச்சு.

ரூஷா: பாத்துட்டு ஏன் கேக்கல?

ஓப்ரென்: கேட்டா, பதிலுக்கு ஒரு சத்தியம் பண்ணணும். எங்கிட்ட மிச்சம் ஒண்ணும் இல்ல. விருந்தாளிங்க போனப்புறம் கிளம்பறதா இருந்தியா? பஸ் நிறுத்தம் வரைக்கும் நானே தூக்கிட்டு வரலாம்னு...

ரூஷா: மொதல்ல இங்க தூக்கிட்டு வா. விரிப்பு அடியில இருக்கு. மேல இருக்கற என் துணியெல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கினாத்தான் அது வரும்.