மாப்பிள்ளை தெரியவில்லை

— உனுக்குப் பொண்ணு தெரியுதா, தெரியலியா? அத்த மொதல்ல சொல்லுடா ஆனந்தா.

— தெரியுதும்மா. பொண்ணும் தெரியுது, பக்கத்துல நீயும் தெரியுற. பின்னாடி பொண்ணோட அப்பா எட்டி எட்டிப் பாக்குறதும் தெரியுது.

— எங்களுக்கு நீ தெரியல. பேச்சு போன்ல கேக்குது, இங்க பொண்ணு வூட்டு கம்ப்யூட்டர்ல ஒரே இருட்டா கீது. மஸ்கட்ல இன்னும் பொழுது விடியலியான்னு பொண்ணோட அப்பா சீனுவாசன் கேக்குறாரு.

— வெயில் மண்டையப் பொளக்குதும்மா. லைட்டும் எரியுது. இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் இன்னா வந்துச்சுன்னு தெரியல. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு.

— காலையில வெளக்கேத்துனியா?

— ஏத்துனேன்.

— கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சியா? கல்யாணப் பேச்சு பேசப்போற சாமானம், மஞ்ச குங்குமம் வைக்காம தொறக்காதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்.

— வச்சேன்மா. நீ பீரோவுக்கு வைக்கிற அளவுக்குப் பெருசாவே வச்சிருக்கேன்.

— அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். நீதான் பாத்துட்ட இல்ல? புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. ஜல்தியா பூவ வச்சிட்டு, விழுப்புரம் பஸ்ஸப் புடிச்சி, வெளிச்சத்தோட நம்மூரு கெடார் போய்ச் சேர்றேன்.

— நான் பாத்தா ஆச்சா? அவங்க என்னப் பாக்க வேணாமா?

— அதான் போட்டோ குடுத்தமே.

— அது ஸ்டுடியோக்காரன் வெள்ளையடிச்ச போட்டோம்மா. அத்தப் பாத்தா எனக்கே யாரோன்னு இருக்குது. போன அவங்ககிட்ட குடு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைல வேலைன்னு சொன்னியே, அவங்களயே கேக்குறேன்.

— பொண்ணு பாக்க வந்தமா, பொட்டி ரிப்பேர் பண்ண வந்தமா? இந்தாம்மா சங்கவி, நீயே பேசு. எனக்கு ஒண்ணும் விளங்கல.

— வணக்கங்க. சங்கவி பேசுறேன்.

— வணக்கங்க. மன்னிச்சிக்கங்க, மொதமொதல்ல பேசுறதே இப்பிடி ஆயிப்போச்சு.

— பரவால்லங்க. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டாண்ட எங்க கடைக்கு வர்றவங்க எல்லாருமே மொதல்ல இப்பிடித்தான் பேசுவாங்க. பொறுமையா சொல்லுங்க. உங்க படம் வர்ற எடம் நல்ல கறுப்பா இருக்கா, வேற நெறம் எதுனா தெரியுதா?

— கறுப்புதான். உத்துப் பாத்தா ஓரத்துல கொஞ்சம் செவப்பு.

— ம்.

— இன்னாங்க, ம்னு நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுல்லங்க. ஒரு தடவ அணைச்சிட்டுப் போடுங்க. போன வைக்காதீங்க.

— அணைச்சேன். போட்டேன். அதே இருட்டு.

— போன்ல வீடியோ வராதுங்களா?

— என் போன் கேமரா போன வாரம்தான் செத்துப்போச்சு. ஒரு ஆபீஸ்ல ஏசி மாட்டிக்கினு இருந்தேன், ஏணி மேலருந்து வுழுந்துடுச்சு. பேச்சு மட்டும்தான் கேக்கும்.

— ரூம்ல கூட யாரும் இல்லீங்களா?

— தேவசகாயம்னு ஒரு அண்ணன் இருக்காரு, வானூர்க்காரரு. சர்ச்சுக்குப் போயிட்டாரு. இங்க எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால பூசையும் வெள்ளிக்கிழமைதான். அப்பிடியே அவங்க சொந்தக்காரங்க ரூமுக்குப் போயிட்டு, சாயங்காலம்தான் வருவாரு. அவருதும் பட்டன் போன்தான்.

— அப்ப கம்ப்யூட்டரையே பாப்போம். கேமராவுக்கு அனுமதி குடுத்திருக்கீங்களா?

— கேமராவுக்கு, மைக்குக்கு, கேட்டது எல்லாத்துக்கும் குடுத்துட்டேன். இன்னும் கேட்டா ரூம் சாவியையும் குடுத்துடுவேன்.

— அப்டேட் எதுனா நிக்குதா பாருங்க.

— நிக்குது. ரொம்ப நாளா நிக்குது போல.

— போட்டுடுங்க.

— போட்டா ஜல்தியா முடியுங்களா?

— அது சொல்ல முடியாதுங்க.

*

— ஆனந்தா, ராகு காலம் பொறந்துடுச்சு. இன்னாடா பண்றீங்க ரெண்டு பேரும்?

— அப்டேட் ஆவுதும்மா.

— நல்லா ஆச்சு. இனிமே பன்னெண்டுக்கு மேலதான் எதுவும். எனக்குச் சக்கர இருக்குதுன்னு உனக்குத் தெரியும் இல்ல? இவங்க வடை, சாம்பாரு, ரெண்டு கறின்னு ஆக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்காங்க. வாசன வந்து மூக்கத் தொளைக்குது.

— சாப்புடேம்மா.

— பேச்சு முடிவாவாத வூட்ல கை நனைக்கச் சொல்றியா? இவங்க சோத்தத் தின்னுட்டு, நாளைக்கு இந்தச் சம்மந்தம் இல்லன்னு ஆயிட்டா, கெடார்ல ஒருத்தி என்ன மதிப்பாளா? பொண்ணும் சரி, மாப்ளையும் சரின்னு ஆவட்டும். அப்புறம்தான் எல.

— வெறும் வவுத்தோட இருக்காதம்மா. மயக்கம் வந்துடும்.

— அந்தப் பொண்ணே மோர் கொணாந்து குடுத்துச்சு. வேணாம்னேன். மோரு கை நனைக்கிறதுல சேராதுங்க அத்தன்னு சொல்லிட்டு டம்ளரக் கையில திணிச்சிட்டுப் பூடுச்சு. வாய்க்காரப் பொண்ணுடா. நீயோ வாயில்லாப் பூச்சி. உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவுமா?

— அவங்க என்னப் பாத்துட்டுச் சொல்லட்டும்மா. போன குடு.

— எத்தினி சதவீதம் ஆச்சுங்க?

— முப்பது. முன்ன கேட்டப்பவும் முப்பதுதான். வாரத்துல இந்த ஒரு நாள்தாங்க. துணி தொவைக்கணும், முடி வெட்டிக்கணும், ஆச தீரத் தூங்கணும்னு வச்சிருப்பேன். உங்களுக்காக முடிய மட்டும் நேத்தே வெட்டிக்கினேன். அதுவும் தெரியாமப் போச்சு. தோசைக்கு மாவு கரைச்சி வச்சது அங்க பொங்கி வழிஞ்சிக்கினு இருக்குது.

— கோவம் வருதுங்களா?

— வராம இருக்குமாங்க? தூக்கி ஜன்னல் வழியா போடலாம்னு ரெண்டு தடவ எழுந்துட்டேன். மூணாவது மாடி. கீழ ஆளுங்க போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க.

— ஆளுங்க போலன்னா போட்டிருப்பீங்களா?

— மாட்டேங்க. அதுலதானே நீங்க தெரிஞ்சீங்க.

— முப்பதுலயே நிக்குதான்னு பாருங்க.

— முப்பத்தொண்ணு.

— எங்க அக்கா பிரபாவதிய அனந்தபுரத்துல குடுத்திருந்தாங்க. மாமா நல்ல உயரம், நல்ல செவப்பு. நேர்ல வந்தாரு, இதே நாற்காலில ஒக்காந்தாரு. அக்கா நல்லாப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுச்சு. ஒரு நாள் மிக்சி ஓடலன்னு மிக்சியப் போட்டு அடிச்சாரு. அப்புறம் அக்காவ அடிச்சாரு.

— இப்ப எங்க இருக்காங்க அவங்க?

— இங்கதான், அடுப்பாண்ட. உங்கம்மாவுக்குத்தான் வடை தட்டிக்கினு இருக்குது.

— அவங்க நல்லா இருக்கட்டுங்க.

— ம். இப்ப எத்தினி?

— நாப்பது. ஓடுது. இப்ப நல்லா ஓடுது.

*

— சங்கவி, முடிஞ்சிடுச்சுங்க. அய்யோ.

— இன்னா ஆச்சு?

— எல்லாம் அரபில வந்துடுச்சு. எடது பக்கம் இருந்ததெல்லாம் வலது பக்கம் போய் ஒக்காந்துக்கினு இருக்குது. செகண்ட் ஹேண்ட் பொட்டி, முன்ன எந்த அரபி வச்சிருந்தானோ.

— உங்களுக்கு அரபி படிக்க வருமா?

— உள்ள வராத, தொடாத, ஆபத்து. இந்த மூணும் வேல செய்யற எடத்துல எழுதியிருக்கும், அதனால தெரியும். இதுல அந்த மூணும் இல்ல.

— பதறாதீங்க. பொறுமையா பாருங்க. பல்லுச்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும்.

— தேடுறேன். இருக்குது. அழுத்திட்டேன்.

— அதுல கடிகாரம் போட்ட படம்.

— இருக்குது.

— அதுக்குள்ள எங்கனா இங்கிலீஷ்ல ஒரு வரி தெரியும். அதத் தொட்டு மேல இழுத்து வுடுங்க. அணைச்சிப் போடச் சொல்லும், போடுங்க.

— போடுறேன். இன்னிக்கு நான் இத அணைச்சிப் போட்ட மாதிரி என் ஆயுசுக்கும் ஒரு ஏசியக்கூட போட்டதில்ல. வந்துடுச்சு. இங்கிலீஷ் வந்துடுச்சுங்க. கண்ண மூடிக்கினு எப்பிடிங்க வழி சொல்றீங்க?

— தெனைக்கும் பண்றதுதானே. கேமரா வருதா?

— நீங்க வர்றீங்க. நான் இருட்டுதான்.

— சரிங்க. உங்கம்மா போன கேக்குறாங்க.

— ஆனந்தா, பன்னெண்டு தாண்டிடுச்சு. மூணு மணிக்கு எமகண்டம். நடுவுல இருக்கறதுதான் நல்ல நேரம். நான் சொல்றதக் கேளு. பொண்ண நீ பாத்துட்ட, உனக்குப் புடிச்சிருக்குது, உன் கொரல்லியே தெரியுது. நான் இப்பவே பூ வச்சுடுறேன். லீவுக்கு வர்றப்ப அது உன்னப் பாத்துக்கட்டும்.

— வைக்காதம்மா.

— ஏன்டா?

— கல்யாணத்தன்னிக்கு வந்து நின்னு, இவனான்னு அவங்க நெனைக்கக் கூடாது. அவங்க பாக்கணும். பாத்துட்டு வேணாம்னு சொல்றதுன்னா சொல்லணும்.

— ஞாயித்துக்கிழம பாண்டிலேருந்து வேற மாப்ள வூட்ல வர்றாங்களாம். தெரியுமா உனக்கு? ஒரு வாரம் வுட்டா இந்தப் பொண்ணு நமக்கில்ல.

— எனக்கு லீவு அடுத்த வெள்ளிக்கிழமதாம்மா. அதுக்குள்ள அவரு முந்திக்கினா முந்திக்கட்டும். அவரையாவது அவங்க நேர்ல பாப்பாங்க.

— காலையிலேருந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கேன், நீ விட்டுக்குடுத்துட்டு ஒக்காந்திருக்க. இந்தப் பொண்ண உனக்கு வேணாமா?

— வேணும்மா. அதனாலதான் சொல்றேன்.

— நல்லா சொன்ன போ.

— உன்ன இங்கேருந்து பட்டினி போடுறேன், தெரியுது. வெளிய எங்கனா ரெண்டு இட்லி வாங்கித் தின்னும்மா. கோவிச்சிக்காத. நான் வேணும்னு சொன்னது தெரிஞ்சா, வேணாம்னு சொல்ல அவங்க கூச்சப்படுவாங்க. நான் இப்பிடிச் சொன்னேன்னு சொல்லாத.

— சொல்றதுக்கு இன்னா இருக்குது? போன்ல பொண்ணு ஸ்பீக்கர் போட்டு வச்சிருக்குது. வூடே கேட்டுக்கினு ஒக்காந்திருக்குது.

— அய்யோ.

*

— நான்தாங்க, சங்கவி.

— சொல்லுங்க. அடுத்தது இன்னா, பின்பக்கம் ஸ்க்ரூவக் கழட்டணுமா? கழட்டிடுறேன். டூல்ஸ் எல்லாம் என்கிட்டயே இருக்குது.

— அதெல்லாம் வேணாங்க. ஸ்பீக்கரும் இப்ப இல்ல, நான் தோட்டத்தாண்ட நின்னுதான் பேசுறேன்.

— எங்கம்மா கெளம்பிட்டாங்களா? கோவமா?

— கெளம்பல. சாப்புட ஒக்காந்துட்டாங்க.

— அங்கயா?

— இங்கதான். நான்தான் எல போடச் சொன்னேன். அக்கா மூணாவது வடை வைக்குது.

— இருங்க, இருங்க. முடிவாவாம கை நனைக்க மாட்டேன்னாங்களே. பொண்ணு சரின்னு சொன்னாத்தானே எல? நீங்க என்ன இன்னும் பாக்கவே இல்லியே.

— காலையிலேருந்து உங்களத்தான் பாத்துக்கினு இருக்கேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சியான்னு அத்த கேட்டாங்களே, நீங்க ஓரத்துல செவப்புன்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. பொட்டி ஓடலன்னா நீங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கத்தான் சொல்லல. கேமரா மேல இருக்கற அந்தக் குங்குமத்தத் தொடைச்சி வுடுங்க, மூஞ்சியையும் பாத்துடுறேன்.