வில்லன் படியிறங்கிப் போன கதை

டீ ஆறிவிடப் போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். அந்தப் படத்தில் வில்லன் ஏன் கடைசியில் தப்பித்துப் போகிறான் என்று உங்களுக்கு முன்னாலேயே நாலைந்து பேர் வந்து கேட்டுவிட்டார்கள். துணிச்சலான முடிவு என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். துணிச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கதைப்படி அவன் மொட்டைமாடியிலிருந்து விழுந்து சாக வேண்டும். அந்தக் காட்சியை எடுக்க முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்போது நான் கயிற்றுக்காரன். உயரத்திலிருந்து குதிப்பவர்களுக்கு பெல்ட் மாட்டிக் கயிற்றோடு இணைத்துவிடுவது என் வேலை. வில்லனுக்குப் பதிலாகக் குதிக்க வேண்டியவர் என் தங்கையின் புருஷன். தங்கமான மனுஷன். குடி கிடையாது, அவளைக் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சமையலறையில் அவர்கள் சிரிக்கிற சத்தம் என் அறைவரை கேட்கும்.

அம்மா போனபிறகு தங்கையை வளர்த்தவன் நான். எனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சைக்கூட எடுக்காமல் வளர்த்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவர் சொன்னார், "மச்சான், வெளிநாட்டுல ஒரு வேலை கிடைச்சிருக்கு. இந்தப் படம் முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் கிளம்பறோம்."

தங்கை என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினாள். "நல்லதுதானே மாப்ளே" என்றேன்.

பெல்ட்டின் வாரை வளையத்தில் ஒருமுறை நுழைத்து, மடக்கி, இன்னொரு முறை நுழைக்க வேண்டும். அது முதுகுப் பக்கம் இருக்கும். முடிந்ததும் தோளில் இரண்டு தட்டு தட்டுவோம். அதற்குப் பிறகும் குதிப்பவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தால், கட்டிவிட்டவனை நம்பவில்லை என்று அர்த்தம். அவர் ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஒருமுறைதான் நுழைத்தேன். நிற்கிற வரைக்கும் தாங்கும், குதித்தால் தாங்காது. தோளில் தட்டினேன். "வரேன் மச்சான்" என்றார்.

கீழே முதலில் ஓடியவன் நான்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பொய்யழுகை இல்லை. பெல்ட் பழசாகிவிட்டது, புதிது வேண்டும் என்று முன்பே கம்பெனிக்கு நான் எழுதிய கடிதம் விசாரணையில் வந்தது. அவர் பயணத்தைச் சொன்ன மறுவாரம் எழுதியது. பொறுப்பான ஆள் என்றார்கள். விபத்து என்று எழுதி மூடினார்கள்.

இன்னொருவரைக் குதிக்கச் சொல்ல டைரக்டருக்கு மனம் வரவில்லை. வில்லன் படியிறங்கித் தெருக்கூட்டத்தில் கலந்து போவதாக எடுத்து முடித்தார். தியேட்டரில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தங்கை ஒரே ஒருமுறை கேட்டாள். "அண்ணே, வாரை ரெண்டு தடவை நுழைச்சியா?"

"நுழைச்சேம்மா."

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. எங்கேயும் போகவும் இல்லை. பயணத்துக்கு வாங்கிய அவளுடைய காகிதங்களை நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன், அவள் கையில் இருந்தால் தொலைத்துவிடுவாள். இதையெல்லாம் நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். பெல்ட்டை அப்போதே எரித்துவிட்டார்கள். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்கு மேசைமேல் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போவாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். வீட்டில் நமக்கென்று ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி, சொல்லுங்கள்.