ஓடாத வண்டிக்கு முதல் பெல்ட்

நீங்கள் உட்காருவதற்கு முன்னால் என்னை உட்காரச் சொன்னீர்கள். மின்விசிறிக் காற்று என் பக்கம் வருகிறதா என்று வேறு பார்த்தீர்கள். இந்தக் காலத்தில் போலீசில் இப்படிப்பட்டவர்கள் குறைவு. பத்தொன்பது வருடமாக ஒரு கார் சர்வீஸ் சென்டரின் முன் மேசையில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்து வருகிறவன் என்பதால் சொல்கிறேன். வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். என் அக்கா ஓட்டிப்போன வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றதற்கும், பின்னால் வந்த லாரி அதன்மேல் மோதியதற்கும் நான் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதுதானே உங்கள் கேள்வி. லாரிக்காரர்மேல் தப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் கார் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு குறிப்பிட்ட மாடலில், என்ஜினுக்குள் ஆயில் பம்பை ஓட்டும் ரப்பர் பெல்ட் நாள்பட நைந்து அறுந்துவிடுகிறதாம். அறுந்தால் ஆயில் ஏறாது. ஆயில் ஏறாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் இறுகி நின்றுவிடும். அதனால் விற்ற வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுப் புது பெல்ட் மாற்றித் தர வேண்டும். இதற்கு ரீகால் என்று பெயர். எங்களிடம் வாங்கியவை நூற்று நாற்பத்து மூன்று வண்டிகள். பெல்ட்டோ மாதத்துக்கு ஆறுதான் வரும். யாரை முதலில் கூப்பிடுவது என்ற பட்டியலையும் கம்பெனியே அனுப்பியிருந்தது. அதிகம் ஓடிய வண்டி முதலில், குறைவாக ஓடியது கடைசியில். போன் செய்து கூப்பிடுவது என் வேலை.

அந்தப் பட்டியல் என் மனசுக்கு ஒப்பவில்லை. முதல் ஆள் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர். ஊர் ஊராகச் சுற்றுகிறவர். சர்வீஸுக்கு வந்தால் சாவியை என் கையில் தர மாட்டார், மேசைமேல் எறிவார். அவருக்கு முதல் பெல்ட் என்றால் பொறுமையாக நடந்துகொள்கிறவர்களுக்கு என்ன மரியாதை? கிலோமீட்டரைப் பார்த்துத் தரம் பிரிக்க ஒரு கம்ப்யூட்டர் போதும். மேசையில் ஒரு மனிதனை உட்கார வைத்திருப்பது மனிதர்களைப் பார்த்துத் தரம் பிரிக்கத்தான் என்று எனக்குப் பட்டது. ஆளுக்கு ஐம்பது மார்க்கில் ஆரம்பித்தேன். நடத்தையைப் பார்த்துக் கூட்டினேன், குறைத்தேன்.

முதல் இடம் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரருக்குக் கிடைத்தது. ஒருமுறை தெரியாமல் என் பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர், மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பஸ் மாறி வந்தார். அவர் வண்டியை ஓட்டி மூன்று வருடம் ஆகிறது. பேட்டரி செத்து, ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது. இழுவை வண்டியை அனுப்பி அதைக் கொண்டுவந்து, பெல்ட் மாற்றி, மறுபடி இழுத்துக்கொண்டு போய் அதே ஷெட்டில் விட்டோம். எங்கள் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓடாத வண்டிக்கு எதுக்கு சார் இப்ப இது?" என்று கேட்டார். வண்டி ஓடாத குறையைத் தவிர அந்த மனிதரிடம் ஒரு குறையும் இல்லை என்றேன். தபால்காரர் கண் கலங்கிவிட்டார். அந்த ஒரு காட்சிக்காகவே என் முறை சரி என்று தோன்றியது.

தினமும் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு டீச்சர், காத்திருக்கும் அறையின் கதவை அறைந்து சாத்தியதால் முப்பது இடம் கீழே போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி அத்தானைப் பற்றி. என் அக்காவின் கணவர். கம்பெனிப் பட்டியலில் ஏழாவது வண்டி அவருடையது. இரண்டாவது மாதமே பெல்ட் கிடைத்திருக்க வேண்டும். யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "இவன் என் மச்சினன், கார் கழுவுற எடத்துல இருக்கான்" என்பார். பதினாறு வருடமாக இதையே சொல்கிறார். நான் கழுவுகிற இடத்தில் இல்லை, முன் மேசையில் இருக்கிறேன் என்று ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "ரெண்டும் ஒரே காம்பவுண்டுதானடா" என்று சிரித்தார். அக்கா அவர் தொடையில் கிள்ளினாள். இதைப் பழைய பகை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எல்லோருக்கும் போட்ட அதே மார்க்தான் அவருக்கும் போட்டேன். கூட்டிப் பார்த்தால் நூற்று நாற்பத்து மூன்றாவது இடம் வந்தது.

ஆனாலும் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாலு மாதம் முன்பு அவரே சென்டருக்கு வந்தார். "டேய், இந்த வண்டில என்னமோ பெல்ட் பிரச்சினையாமே. உங்க அக்கா ஒரு வாரமா நச்சரிக்கிறா. இருக்கா இல்லையா, சட்டுனு சொல்லு" என்றார். அன்று காலைதான் ஆறு பெட்டிகள் வந்திருந்தன. என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தன. கை நீட்டினால் எட்டும். நான் காத்திருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு 'கொஞ்சம்' வந்தால் போதும். 'கொஞ்சம் பாருடா' என்றிருந்தால் அந்த இடத்திலேயே ஸ்பானரைக் கூப்பிட்டிருப்பேன். அவர் கண்ணாடி வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "அங்கதான் கழுவுவியா?" என்றார்.

"உங்க வண்டியில ஒண்ணும் இல்ல அத்தான். தாராளமா ஓட்டுங்க" என்றேன்.

கம்பெனியிலிருந்து அவருக்கு நேராக நினைவூட்டல் போகக் கூடாதே என்று, கம்ப்யூட்டரில் அவர் வண்டிக்கு எதிரே 'பெல்ட் மாற்றப்பட்டது' என்று பதிந்தேன். நீங்கள் கண்டுபிடித்தது இதைத்தான். பதிவில் புது பெல்ட், பிரித்த என்ஜினில் அறுந்த பழைய பெல்ட். இதைப் பொய் என்று சொல்லலாம். சீக்கிரம் எழுதிவிட்ட உண்மை என்றுதான் நான் நினைத்தேன். என்றைக்காவது அவர் திருந்துவார், அன்றைக்கு மாற்றத்தானே போகிறோம்.

விபத்துக்கு முன் இரண்டு மாதமாக அக்கா வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் உரிமையாளர் பெயர்தான் வரும், ஓட்டுகிறவர் பெயர் வராது. அக்காவுக்கு மார்க் போட்டிருந்தால் நூற்றுக்கு நூறு. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அத்தான் ஓட்டியிருந்தால் ஒரே தடவையில் எழுதியிருப்பேன் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். அத்தான் அதில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இந்தப் பதினாறு வருடத்தில் எனக்காக அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உன்னை என்னென்னவோ சொல்லியிருக்கேன். மனசுல வெச்சுக்காத. உன்மேல அவளுக்கு அவ்ளோ நம்பிக்கைப்பா. பாலத்து வழியா போகாத, எனக்குப் பயமா இருக்குன்னேன். என் தம்பி பார்த்துட்டான், ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டான்னு சாவியை எடுத்துட்டுப் போனா."

அவர் குரலில் ஒரு துளிகூடக் கேலி இல்லை. 'டா' இல்லை. நான் அழுதுவிட்டேன். அக்கா உள்ளே இருக்கிறாள் என்பதற்காக மட்டும் அழவில்லை. மரியாதை என்பது ஒரு மனிதனுக்குள் எப்போது வேண்டுமானாலும் பிறக்கும் என்று பத்தொன்பது வருடமாக நம்பியவன் நான். அது என் கண் முன்னால் நடந்தது. அக்கா மறுநாள் காலையில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே அவர் மார்க்கைத் திருத்தினேன். எழுந்து நின்றதற்குப் பத்து, மன்னிப்புக் கேட்டதற்கு இருபது, தம்பி என்றதற்குத் தனியாக. மொத்தத்தில் தபால்காரரையே தாண்டிவிட்டார். மீதி இருப்பவர்களில் அத்தான்தான் இப்போது முதல் ஆள். என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துப்போன பெல்ட் பெட்டி அவருக்காக ஒதுக்கியது. தயவுசெய்து அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

போன வாரம் அவருக்கு முறைப்படி போன் செய்து, உங்கள் முறை வந்துவிட்டது, வண்டியை என்றைக்குக் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன்.  நான் கேட்டு முடித்ததுமே இணைப்பைத் துண்டித்துவிட்டார். இதற்கு ஐந்து மார்க் குறைக்க வேண்டும். துக்கத்தில் இருக்கிறாரே என்று இன்னும் குறைக்கவில்லை.