இடியப்பப் பார்சல்

எங்கள் கல்லூரி மைதானம் கொஞ்சம் சரிவு, ஐயா. நாணயச் சுழற்சியில் வென்றால் முதல் பாதியில் மேட்டுப் பக்கத்தைத்தான் கேட்கவேண்டும். பொலிசுக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த அணியின் கதை தெரியாமல் நடந்தது விளங்காது.

பண்டத்தரிப்பில் எங்களுக்கு 2016 வரை உதைபந்தாட்ட அணியே இல்லை. அதை உண்டாக்கியவன் நான், இராசநாயகம், விளையாட்டு ஆசிரியன். செம்மண் தரையில் நானே சுண்ணாம்புக் கோடு போட்டேன். முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். அன்றைக்குக் கோல் காத்தவன் தனோஜன். அழுதவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

2018இல் ஓர் ஆட்டத்தைச் சமப்படுத்தினோம். அடுத்த வருடம் முதல் வெற்றி. பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கிச் சந்தி வரைக்கும் கொண்டுபோனார்கள். எனக்குக் கலியாணம் நடந்த அன்றுகூட அப்படி ஒரு சந்தோசம் இருக்கவில்லை. பிறகு கொரோனா. மைதானத்தில் ஆடு மேய்ந்தது. பெற்றோல் இல்லாத 2022இல் சைக்கிளிலேயே ஆட்டங்களுக்குப் போனோம், காலிறுதி வரைக்கும் போனோம். அதெல்லாம் என்னுடைய பருவங்கள்.

2023இல் தனோஜன் கொழும்பில் எடுத்த பயிற்றுநர் சான்றிதழோடு திரும்பி வந்தான். கல்லூரி அதிபர் என்னைக் கூப்பிட்டார். "சேர், நீங்களும் களைச்சுப்போனியள். விளையாட்டை உவன் பாக்கட்டும். நீங்கள் ஒழுங்குகளைப் பாருங்கோ." ஒழுங்குகள் என்றால் பஸ், சாப்பாடு, திகதி. அந்த வருடம் அரையிறுதிக்குப் போனதும் பிள்ளைகள் அவனைத் தூக்கினார்கள். அவனுடைய செருப்பை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

கஜானனை வல்வெட்டித்துறைக் கடற்கரையில் கண்டுபிடித்தவனும் நான். மணலில் வெறுங்காலோடு பந்தை அப்படிக் கொண்டுபோனான். தாய் பத்மாசினியோடு கதைத்து, எங்கள் விடுதியில் சேர்த்தேன். வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் "சேர், சேர்" என்று என் பின்னால் திரிந்தான். 2024 தொடங்கியதும் தனோஜனுக்குப் பின்னால் "அண்ணை, அண்ணை" என்று திரிந்தான். அவன் கோல்களால்தான் இறுதியாட்டத்துக்கு வந்தோம். பேப்பரில் தனோஜனின் படம் வந்தது.

இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போனது. ஏற்பாட்டாளர்கள் எனக்கு அழைப்பெடுத்தார்கள். வியாழனா, அடுத்த திங்களா என்று கேட்டார்கள். "வியாழன் சூரன்போர் எல்லோ, உங்கடை பிள்ளையளுக்குப் பரவாயில்லையோ?" என்றார் ஒருவர். "ஓம், பரவாயில்லை. காலமை வையுங்கோ. பின்னேரம் கோயிலுக்குப் போகலாம்" என்றேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

கந்தசட்டிக்கு முதல் நாள் கஜானனைத் தனியே கண்டேன். அவன் வருடாவருடம் ஒருநேரம் சாப்பிட்டு விரதம் பிடிக்கிறவன். தாய் சூரன்போர் வரைக்கும் ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருக்கிறவர். "இந்த முறை அம்மா பிடிக்கிற மாதிரிப் பிடி. கப் எங்களுக்குத்தான்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணைக்குச் சொல்லட்டே, சேர்?" என்றான். "சொன்னால் உன்னை விளையாட விடாமல் வெளியிலை இருத்திப்போடுவார். அம்மாவுக்கும் சொல்லாதை, பயப்படுவா. நேர்த்தி உனக்கும் முருகனுக்கும் இடையிலைதான்" என்றேன்.

நாலாம் நாள் தலை சுற்றுகிறது என்று என்னிடம் வந்தான். தனோஜனிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தான். "குடுத்த வாக்கை இடையிலை முறிக்கக் கூடாது. இன்னும் ரெண்டு நாள்தானே" என்று முதுகைத் தட்டி அனுப்பினேன். பழைய நாள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

எனக்கு வேண்டியது அவன் அன்றைக்கு ஓடமுடியாமல் நிற்கவேண்டும் என்பது மட்டும்தான். அணி தோற்கும். தனோஜன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதிபருக்கு முன்னால் நிற்பான். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

வியாழன் காலை எல்லோருக்கும் இடியப்பமும் சொதியும் பார்சல் கொடுத்தேன். கஜானன் தன்னுடையதை வாங்கி, ஒருவரும் பார்க்காத நேரம் என்னிடமே திருப்பித் தந்தான். வீணாக்கக் கூடாது என்று அதை நான் சாப்பிட்டேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் நிற்கவில்லை, ஐயா. ஓடினான். இரண்டாம் பாதியில் கோலும் அடித்தான். கையை உயர்த்திக்கொண்டு தனோஜனை நோக்கி ஓடிவரும்போதுதான் விழுந்தான். விழும்போதும் என் பக்கம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், "கடைசியா எப்ப சாப்பிட்டவர்?"

"காலமை எல்லாரோடையும் இடியப்பம் சாப்பிட்டவன்" என்றான் தனோஜன். பார்சலை வாங்கினதைக் கண்டவன், சாப்பிட்டான் என்றே நினைத்திருந்தான்.

நான் பக்கத்தில் நின்றேன். டொக்டர் என்னையும் பார்த்தார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். பின்னேரம் கோயில்களில் சூரன்போர் தொடங்குகிற நேரம் கஜானன் போய்விட்டான். பிரேதப் பரிசோதனையில் வயிறு வெறுமையாக இருந்ததைக் கண்டபிறகுதான் நீங்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினீர்கள்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கும் எண்ணமும் இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வல்வெட்டித்துறைக்குப் போனேன். தனோஜன் பத்மாசினியின் காலடியில் இருந்து, "என்ரை பிழை அம்மா, நான் கவனிச்சிருக்க வேணும்" என்று அழுதுகொண்டிருந்தான். ஏசுவார், அடிப்பார் என்று பார்த்தேன். அவர் அவன் தலையைத் தடவி, "எனக்கு இனி நீதான் மகன்" என்றார். ஊரே சேர்ந்து அழுதது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்கள் ஆர், பஸ்காரரோ?" என்று கேட்டார்.

எல்லாம் தன்னுடைய பிழை என்று தனோஜன் உங்களுக்கும் எழுதிக் கொடுத்திருப்பான். அவன் பொய் சொல்கிறான், ஐயா. விரதத்தைப் பிடிக்க வைத்தவன் நான். திகதி சொன்னவன் நான். டொக்டருக்கு முன்னால் தலையாட்டியவன் நான். அந்தப் பிள்ளையைக் கொன்றது நான்தான். அதையும் அவன் தன் பெயரில் போட்டுக்கொள்ள நான் விடமாட்டேன்.